பூனையக்கா சத்தம் போட்டாள்

வாய் அறுவை மருத்துவமனைக்கு வருவதற்கு முன் பூனையக்கா பதினான்கு வருடம் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை பார்த்தாள். மதியம் ஒரு மணிக்கு இருபத்திரண்டு குழந்தைகளைப் பாயில் வரிசையாகப் படுக்கவைத்து, மூன்று மணி வரை யாரும் விழித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று சிணுங்கினால் போதும், இருபத்திரண்டும் கச்சேரியை ஆரம்பித்துவிடும். அதனால் வெறுங்காலில் நடந்தாள். சொல்ல வேண்டியதைக் காதருகே குனிந்து சொன்னாள். கதவை மூடினால் கைப்பிடியைத் திருகிப் பிடித்தபடியே மூடி, அப்புறம்தான் விடுவாள். ஒருநாள் சீக்கிரம் வந்த தகப்பன் ஒருவர், தனக்குப் பின்னால் அவள் எப்போது வந்து நின்றாள் என்றே தெரியாமல் திரும்பிப் பார்த்துத் தூக்கிவாரிப்போட்டு நின்றார். பூனையக்கா என்ற பெயர் அவர் வைத்ததுதான். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

பாய்களுக்கு நடுவே நடக்கும்போதெல்லாம் அவள் கண் குழந்தைகளின் நெஞ்சைத்தான் பார்க்கும். ஏறுகிறதா, இறங்குகிறதா. சளி பிடித்த குழந்தை குப்புறக் கிடந்தால் தூக்கம் கலையாமல் புரட்டிப் போடுவாள். இது யாரும் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கமில்லை.

காப்பகம் இருந்த கட்டடத்தைக் கார் விற்கிறவர்கள் வாங்கிக்கொண்டார்கள். முப்பத்தொன்பது வயதில் அவளுக்கு வேலை போயிற்று. மூன்று மாதம் வீட்டிலேயே இருந்தாள். அவளுடைய கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். வாய் ஓயாமல் பேசுகிறவர். வாய் அறுவை மருத்துவமனையில் மருந்து வைக்கும் பெட்டி குளிரவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். போன இடத்தில் பேச்சுக் கொடுத்து, மயக்கம் தெளியும் அறையில் நோயாளிகளோடு உட்கார ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு வந்தார்.

"உனக்குன்னே செஞ்ச வேலைம்மா. அங்க சின்னதுங்க தூங்கிச்சு, இங்க பெருசுங்க தூங்குது. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

வித்தியாசம் அவ்வளவுதான் என்று அவளுக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. மயக்கம் தெளிகிறவர்கள் அழுதார்கள், உளறினார்கள், அம்மாவைத் தேடினார்கள். பெரிய கம்பெனியின் மேலாளர் ஒருவர் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றார்.

அங்கே வாரத்தில் மூன்று நாள் மயக்க மருந்து கொடுக்க ஒரு பெண் டாக்டர் வருவாள். முப்பது வயதுகூட இருக்காது. எல்லோரும் அவளை மயக்க டாக்டர் என்றார்கள். ஒருநாள் தெளியும் அறையில் ஒருவரைப் பார்த்த பூனையக்கா, இவர் மூச்சு மேலோட்டமாக இருக்கிறது என்று அவள் காதருகே போய்ச் சொன்னாள். அவருக்கு மாட்டியிருந்த இயந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. அரை நிமிடம் கழித்துத்தான் அது கூவ ஆரம்பித்தது. அதற்குள் மயக்க டாக்டர் அந்த நோயாளியின் தாடையை நிமிர்த்தி, ஆழமாக மூச்சு விடச் சொல்லி, எல்லாவற்றையும் சரிசெய்திருந்தாள்.

"நீங்க வெளிய உக்காந்திருக்க வேண்டிய ஆளே இல்லக்கா. உள்ள வாங்க" என்றாள்.

உள்ளே என்றால் அறுவை அறை. வாய் அறுவையில் ஒரு சங்கடம் உண்டு. காலில் கட்டி என்றால் டாக்டர் காலருகே நின்று வேலை பார்ப்பார், மயக்க டாக்டருக்குத் தலைப்பக்கம் முழுவதும் சொந்தம். பல்லெடுக்கும்போது அப்படி இல்லை. டாக்டர் வேலை செய்கிற வாசலும் நோயாளி மூச்சு விடுகிற வாசலும் ஒன்றேதான். அதே வாசலில் தண்ணீர், இரத்தம், பல் துணுக்கு, பஞ்சுத்துணி எல்லாம் போய் வருகின்றன. அதனால் மூச்சை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் தேவை. அவருக்கு வேறு எந்த வேலையும் இருக்கக் கூடாது. அந்த வேலைக்கு ஒரு வருடப் பயிற்சி இருந்தது. வாரம் மூன்று மாலை வகுப்பு.

நாற்பத்தொரு வயதில் பூனையக்கா புத்தகமும் பையுமாகப் புறப்பட்டாள். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் தன் பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அம்மாவைக் கேள்வி கேட்டாள். எந்த மருந்து எந்த நிற ஒட்டுத்தாள், ஆக்சிஜன் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று எப்படிப் பார்ப்பது, உள்ளே போன பஞ்சுத்துணி எத்தனை, வெளியே வந்தது எத்தனை. எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடாயிற்று. அவளுக்கு மிகவும் பிடித்தது திரையில் ஓடும் மூச்சுக்கோடு. மூக்கில் மாட்டிய மெல்லிய குழாய் வழியாக, மூச்சு வெளியே வரும்போதெல்லாம் திரையில் ஒரு மேடு எழும்பும். மூச்சு நின்றால் மேடும் அந்த நொடியே நின்றுவிடும். இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரலில் மாட்டுகிற கிளிப் காட்டும் எண் அப்படியில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் பரிசோடு வந்து நிற்கிற உறவுக்காரர் மாதிரி, நடந்தது அதற்கு நிதானமாகத்தான் தெரியவரும்.

எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். செய்முறைத் தேர்வில் தவறிவிட்டாள்.

செய்முறை என்பது அவரவர் வேலை பார்க்கும் இடத்திலேயே நடக்கும் ஒத்திகை. நாற்காலியில் ஒரு பொம்மை. எலும்பை அறுக்கும் கருவியை ஒருவர் ஓட்டுவார். மேடு நின்றதும் உதவியாளர், "நிறுத்துங்க, மூச்சு வரல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். பூனையக்கா முதல் ஆளாகக் கவனித்தாள். சொல்லவும் சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. கருவி ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு அடி தள்ளி நின்ற மயக்க டாக்டர், அக்கா உதடு அசைகிறதே என்று சந்தேகப்பட்டுத்தான் நிறுத்தினாள்.

"எனக்கே கேக்கலக்கா. அவ்வளவு சத்தத்துல வேலை செய்யறவருக்கு எங்க கேக்கும்?" என்றாள். பதினான்கு வருடம் தூங்குகிறவர்கள் இருக்கும் அறையில் வாயைத் திறக்காதவள், தூங்குகிறவர்கள் இருக்கும் இன்னோர் அறையில் கத்த வேண்டும். கை கால்களுக்குப் புதுப் பழக்கம் வந்துவிட்டது, தொண்டைக்கு வரவில்லை. மறுதேர்வுக்கு ஒரு மாதம் கொடுத்தார்கள்.

வீட்டு முன்னறையில் கணவருடைய பழைய கம்ப்ரசர் ஒன்று கிடந்தது. அதை ஓடவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை முடுக்கிவிட்டு, அவர் முதுகைக் காட்டி நின்றுகொள்வார். அவள் "நிறுத்துங்க" என்று சொல்ல வேண்டும். அவர் காதில் விழுந்தால்தான் நிறுத்துவார் என்று ஏற்பாடு. முதல் நாள் கால்மணி நேரம் அது ஓடியது. இரண்டாம் ஞாயிறு ஒருவாறு குரல் கிளம்பியது. மூன்றாம் ஞாயிறு, "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று தெருவே அதிரும்படி கத்தினாள். கணவர் வேண்டுமென்றே காது கேளாதவர் மாதிரி நின்றார்.

கதவு தட்டப்பட்டது. மாடிவீட்டுத் தையற்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு நின்றார். பின்னாலேயே அவர் மனைவி.

தையற்காரர் கணவரைத் தனியே அழைத்து, போன ஞாயிறே காதில் விழுந்ததாகவும் குடும்பம் என்றால் அப்படி இப்படி இருக்கும் என்றும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். பிறகு நேராகவே சொல்லிவிட்டார். "தம்பி, அந்தப் பொண்ணு வாயில்லாப் பூச்சி. அதுவே இப்படிக் கத்துதுன்னா, நீங்க என்ன பண்றீங்களோ அதை உடனே நிறுத்திடுங்க."

"அது கத்தினா நிறுத்தத்தாங்க நிக்கறேன். இன்னும் கொஞ்சம் கத்தட்டுமேன்னு பாக்கறேன்" என்றார் கணவர்.

தையற்காரர் முகம் சிவந்துவிட்டது. மகள் ஓடிவந்து விஷயத்தை விளக்குவதற்குள் பாதித் தெரு எட்டிப் பார்த்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் தையற்காரரின் மனைவி அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "தொண்டையிலருந்து கத்தாத. அடிவயித்துலருந்து வரணும். ஒரு தடவ என்னைப் பாரு" என்று தன் கணவரைப் பெயர் சொல்லாமல் ஒரு கூப்பாடு போட்டுக் காட்டினாள். பக்கத்தில் நின்றிருந்த தையற்காரர் அரை அடி நகர்ந்து நின்றார். முப்பது வருடப் பயிற்சி அது.

மறுதேர்வில் பூனையக்கா போட்ட சத்தத்தில் கருவியை ஓட்டியவர் அதைக் கீழே போட்டுவிட்டார்.

அறுவை செய்கிற பெரிய டாக்டர் நல்ல கைகாரர். கோணல்மாணலாகப் படுத்துக்கிடக்கும் பல்லைக்கூடப் பேசிக்கொண்டே எடுத்துவிடுவார். வேலை செய்யும்போது ஏதோ ஒரு ராகத்தை முணுமுணுப்பார். குறை என்றால் ஒன்றுதான், காத்திருக்கத் தெரியாது. பூனையக்கா தலைப்பக்கம் நிற்க ஆரம்பித்ததிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் ஐந்து நிமிடம் கூடுதலாக ஆனது. சிலிண்டரைப் பார்ப்பாள், உறிஞ்சு குழாயை ஒரு கிண்ணத் தண்ணீரில் வைத்துப் பார்ப்பாள், மருந்தின் பெயரை உரக்கப் படிப்பாள். அவர் கையுறையை மாட்டிக்கொண்டு, முணுமுணுக்கிற ராகத்தைச் சற்று வேகமாக்குவார். அதுதான் அவருடைய கோபம்.

அப்படியிருக்கும்போதுதான் ரொட்டிக்கடைக்காரர் வந்தார். ஆள் வாட்டசாட்டம். கழுத்தும் தலையும் ஒரே அகலம். நான்கு ஞானப்பற்களையும் எடுக்க வேண்டும்; கீழே இருந்த இரண்டும் பக்கவாட்டில் படுத்துக்கிடந்தன. மயக்கம் கொடுப்பதால் வெறும் வயிறாக வரச் சொல்லியிருந்தார்கள். வயிற்றில் ஏதாவது இருந்து, மயக்கத்தில் அது மேலே வந்து மூச்சுக்குழலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. சாப்பிட்டீர்களா என்று வரவேற்பில் கேட்டார்கள், இல்லை என்றார். செவிலி கேட்டாள், இல்லை என்றார். பெரிய டாக்டர் கேட்டார், சத்தியமாக இல்லை என்றார்.

பூனையக்கா வேறு மாதிரி கேட்டாள். காப்பகத்தில் மண்ணைத் தின்ற குழந்தையும் இல்லை என்றுதான் சொல்லும் என்பது அவளுக்குத் தெரியும். "காலையில எழுந்ததுலருந்து வாய்க்குள்ள என்னென்னண்ணே போச்சு?"

"ஒண்ணும் போகலம்மா. மாவு பதம் பாத்தேன். முதல் அடுப்புல வந்த பன்னுல ஒண்ணு புட்டுப் பாத்தேன். ரெண்டாவது அடுப்பு கொஞ்சம் கருகின மாதிரி இருந்துச்சு, அதுல ஒண்ணு. கிரீம் புளிச்சிருக்கான்னு ஒரு கரண்டி."

"அப்ப சாப்பிட்டிருக்கீங்க."

"சாப்பிடலம்மா. ருசி பாத்தேன். அது வேலை" என்றார் அவர், மனதறிந்து ஒரு பொய்யும் சொல்லாதவராக.

பூனையக்கா போய்ச் சொன்னாள். மயக்க டாக்டர் அன்றைக்கு முடியாது என்றாள். பெரிய டாக்டர் மாட்டிய கையுறையைக் கழற்றிப் போட்டார். அன்று அவர் எந்த ராகத்தையும் முணுமுணுக்கவில்லை. ரொட்டிக்கடைக்காரர், கடையை மூடிவிட்டு வந்த மனிதனைக் கரண்டிக் கிரீமுக்காகத் திருப்பி அனுப்புகிறார்களே என்று வாசல் வரை புலம்பிக்கொண்டே போனார். பூனையக்காவுக்கு அன்று மாலை வரை மனசு சரியில்லை. செய்தது சரி என்று தெரிந்தும் இரண்டு பேர் முகம் சுளித்தது உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் அவர் மனைவியோடு வந்தார். இந்தத் தடவை கடைக்குள்ளேயே அவரை விடவில்லை என்று மனைவி உறுதி சொன்னாள். அவள் வெளியே உட்கார்ந்தாள். இவர் உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்து, பத்து வரை எண்ணச் சொன்னால் நான்கிலேயே தூங்கிப்போனார்.

கீழ்ப்பற்களில் முதலாவது, படுத்துக்கிடந்தாலும் சுலபமாக வந்தது. இரண்டாவதற்கு எலும்பைக் கொஞ்சம் அறுக்க வேண்டியிருந்தது. பெரிய டாக்டர் தாடையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் கருவியை ஓட்டினார். தண்ணீர் தெறித்தது. நோயாளி கையை மடக்கியதில் மருந்து இறங்கும் குழாய் மடங்கிக்கொண்டது. மயக்க டாக்டர் அதைச் சரிசெய்யக் குனிந்தாள்.

அப்போது மேடு நின்றது.

கோடு தரையோடு தரையாக ஓடியது. விரல் எண் தொண்ணூற்றொன்பது. பூனையக்கா நெஞ்சைப் பார்த்தாள். நெஞ்சு அசைந்தது. மூக்குக் குழாய் விலகியிருக்கலாம், அதனால் கோடு வராமல் இருக்கலாம். அப்படியென்றால் சத்தம் போட்டு எல்லோரையும் கலவரப்படுத்தி, பெரிய டாக்டரின் முகச்சுளிப்பை மறுபடியும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னொரு முறை நெஞ்சைப் பார்த்தாள். நெஞ்சு உள்வாங்கும்போது வயிறு எழும்பியது, வயிறு தாழும்போது நெஞ்சு எழும்பியது. உடம்பு மூச்சுக்குப் போராடுகிறது, காற்று போகவில்லை. அவர் மூக்கருகே புறங்கையை வைத்தாள். கையில் எதுவும் படவில்லை.

"நிறுத்துங்க. மூச்சு வரல."

கருவியின் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் போயிற்று. பெரிய டாக்டரின் இரண்டு கைகளும் வாயை விட்டு மேலே எழும்பி அப்படியே நின்றன. மயக்க டாக்டர் திரும்பியபோது பூனையக்கா உறிஞ்சு குழாயை நீட்டிக்கொண்டிருந்தாள். வாயிலிருந்த தண்ணீரை இழுத்தார்கள். மயக்க டாக்டர் காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் விரலை வைத்துத் தாடையை முன்னால் தூக்கினாள். பின்னால் சரிந்து வழியை அடைத்திருந்த நாக்கு விலகியதும், அடுப்பங்கரையில் பாத்திரம் இழுக்கிற மாதிரி ஒரு பெருங்குறட்டை கிளம்பியது. கோட்டில் ஒரு மேடு எழுந்தது. அப்புறம் ஒன்று. எல்லாம் சரியான பிறகுதான் விரல் எண் தொண்ணூற்று மூன்றுக்கு இறங்கியது. இறங்கி, முகமூடி வழியே போன ஆக்சிஜனில் மறுபடியும் ஏறியது. அவள் வாயைத் திறந்ததிலிருந்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

வெளியே காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் அது கேட்டிருந்தது. கைபேசியில் ஊருக்கே கேட்கும்படி பேசிக்கொண்டிருந்த ஒருவர் பட்டென்று நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாராம்.

திறந்த இடத்தில் இருந்த அந்தப் பல்லை மட்டும் மயக்கத்தைக் குறைத்து முடித்துக்கொண்டு, மேலே இருந்த இரண்டையும் மரத்துப்போகும் ஊசி போட்டு வேறொரு நாள் எடுப்பதென்று முடிவு செய்தார்கள். பூனையக்கா பஞ்சுத்துணிகளை எண்ணி, ஆறு போயிற்று ஆறு வந்தது என்று சொல்லிவிட்டு, பொருள் வைக்கும் அறைக்குப் போய்க் கையுறைப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

பெரிய டாக்டர் வந்து வாசலில் நின்றார்.

"வேலை செய்யும்போது எனக்கு அந்தப் பல்லு மட்டும்தான் தெரியும்மா. ஆளே தெரியாது" என்றார். "நீங்க இப்ப எப்படி இருக்கீங்களோ அப்படியே இருங்க. எனக்காகக் குறைச்சுக்காதீங்க."

மறுநாளிலிருந்து அவள் எல்லாவற்றையும் பார்த்து, சரி என்று சொல்லும் வரை அவர் கையுறையை எடுப்பதே இல்லை.

நடந்ததை மறைக்கக் கூடாது என்பது மயக்க டாக்டரின் கட்டாயம். தெளிந்து உட்கார்ந்த ரொட்டிக்கடைக்காரரிடமும் அவர் மனைவியிடமும் மூச்சு நின்றதைச் சொன்னார்கள். அவர் தனக்கு நல்ல தூக்கம் என்றார். மனைவி கொஞ்சமும் அசரவில்லை.

"வீட்லயும் அப்படித்தாங்க. குறட்டை விடுவாரு, திடீர்னு நிக்கும். முழங்கையால ஒரு இடி இடிப்பேன், திரும்ப ஆரம்பிக்கும். பதினெட்டு வருஷமா இடிச்சுக்கிட்டிருக்கேன்."

மயக்க டாக்டர், அவர் முதலில் வந்தபோது நிரப்பிக் கொடுத்த படிவத்தை எடுத்துப் பார்த்தாள். குறட்டை உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதியிருந்தது. ரொட்டிக்கடைக்காரர் நியாயமாகவே கேட்டார், தூங்குகிறவனுக்குத் தான் குறட்டை விடுவது எப்படித் தெரியும் என்று.

அந்தப் படிவத்தை மாற்ற வேண்டும் என்று சொன்னது பூனையக்காதான். கூட்டத்தில் பேசியறியாதவள், அந்த வாரக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். குறட்டைக் கேள்வியைப் படுத்திருப்பவரிடம் கேட்காதீர்கள், பக்கத்தில் படுத்திருப்பவரிடம் கேளுங்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்காதீர்கள், வாய்க்குள் என்ன போயிற்று என்று கேளுங்கள். இரண்டும் அச்சாகிவிட்டன. ரொட்டிக்கடைக்காரர் தூக்க மருத்துவரிடம் போனார். இரவில் முகமூடி மாட்டிக் காற்றடிக்கும் இயந்திரம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பகலில் கொட்டாவி விடுவது நின்று, கடையில் கருகுகிற ரொட்டியும் குறைந்தது.

நான்கு மாதம் கழித்து, அவர் மனைவிக்கே ஒரு பல் எடுக்க வேண்டியிருந்தது. கணவன், மனைவி இருவரும் பூனையக்காவின் முன் உட்கார்ந்தார்கள். அவள் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, "அண்ணே, இவங்க குறட்டை விடுவாங்களா?" என்றாள்.

ரொட்டிக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மனைவி கையைக் கட்டிக்கொண்டு, பதிலுக்காகப் பூனையக்காவை விடவும் ஆவலாகக் காத்திருந்தாள்.

"வாயால சொல்லணுமாம்மா? எழுதிக் கொடுக்கக் கூடாதா?" என்றார்.

பூனையக்கா ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பி, கையால் மறைத்துக்கொண்டு, நீளமாகவே ஏதோ எழுதினார். படித்துப் பார்த்துவிட்டு அவள் அதை மயக்க டாக்டரிடம் மட்டும் கொடுத்தாள். அதற்கேற்றபடி மருந்தின் அளவு குறைந்தது, தலைப்பக்கம் ஒரு தலையணை கூடியது. பல் இருபது நிமிடத்தில் வந்துவிட்டது. கோடு கடைசி வரை மேடு தவறாமல் ஓடியது.

தெளிந்ததும் அந்த அம்மாள் தெளியும் அறையில் கண்ணை விழித்து, வீங்கிய வாயோடு முதலில் கேட்டது, அவர் என்ன எழுதினார் என்பதுதான். பூனையக்கா அவள் கன்னத்தில் ஐஸ் பையை வைத்துப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரு மணி நேரம் பேசக் கூடாது என்று மெல்லிய குரலில் சொன்னாள்.